தூங்குகிற காரை எழுப்பப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

பென்னலூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கார் என்பது ஒரு அதிசயமே இல்லை. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது. உள்ளே திரும்பி ஒரகடம் போனால் 2010-ல் திறந்த ரெனோ-நிஸான் தொழிற்சாலை. ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இன்றைக்கு லாரி லாரியாகப் புதுக் கார்கள்தான் ஊர்வலம் போகின்றன.

இந்தப் பக்கத்து ஆண்களுக்கு வேகப் பித்து கொஞ்சம் அதிகமாக இருந்தால் அதற்கும் காரணம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில்தான் கார் பந்தயத் தளம் இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், முதலில் சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்தது. பிறகு இங்கே சொந்தமாகத் தளம் அமைத்து, 1990-ல் ஓட்டத்தை இங்கே மாற்றியது. சுற்று கிட்டத்தட்ட 3.7 கிலோமீட்டர். பந்தய நாளில் ஒரு முறை வேடிக்கை பார்த்துவிட்டு வந்த மனுஷன், அடுத்த மாதமே பழைய லான்சர் விலை விசாரிப்பார்!

லான்சர் என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் கார் 1998 முதல் பக்கத்துத் திருவள்ளூரில்தான் தயாரானது. உலகம் முழுக்க ராலிப் பந்தயங்களில் பேர் வாங்கிய குடும்பம் அது. 1999-ல் மறைமலைநகரிலிருந்து வந்த ஃபோர்டு ஐகானில் 1.6 லிட்டர் எஞ்சின் வைத்ததை இன்றைக்கும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஆசை ஆசையாக வாங்கிய கார். பிறகு மாற்றல், வெளிநாட்டு வேலை, குழந்தை... 2020-ல் ஊரடங்கு வேறு. கவர் போட்டு மூடி வைத்ததுதான். ஐந்து வருஷமோ எட்டு வருஷமோ, வீட்டு ஓரத்தில் தூங்குகிறது.

திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்வார்: "ஏம்மா, அந்த வண்டியை எடுத்து ஓட்டலாம்னு பார்க்கிறேன். ஒரு பேட்டரி, அஞ்சு லிட்டர் பெட்ரோல்... ஸ்டார்ட் ஆயிட்டா முடிஞ்சுது!"

முடியாது, சகோதரிகளே. அங்கேதான் ஆரம்பம்.

"இது ஆண்கள் சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வண்டி நிற்பது உங்கள் வாசலில். அதைச் சுற்றி விளையாடுவது உங்கள் குழந்தைகள். நாளைக்கு அது ஓடினால் பின் ஸீட்டில் மடியில் பிள்ளையோடு உட்காரப் போவதும் நீங்கள்தான். இன்னொன்றும் உண்டு. கணவர் வெளியூரிலோ, சில வீடுகளில் இந்த உலகத்திலேயோ இல்லாமல், காரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருப்பார். மெக்கானிக்கிடம் பேச வேண்டியவர் அப்போது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஓடாத வண்டியும் ஆபத்து

காரை எழுப்புவது அப்புறம் இருக்கட்டும். அது தூங்கும்போதே ஒரு பயம் இருக்கிறது. 2025 மே மாதம் ஆந்திராவில், விஜயநகரம் மாவட்டத்தில், நிறுத்தி வைத்திருந்த ஒரு காருக்குள் விளையாடப் போன நான்கு குழந்தைகள் கதவு மூடிக்கொண்டதில் இறந்துபோனார்கள். படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் சூடு மளமளவென்று ஏறும். குழந்தையின் உடம்பு நம் உடம்பைவிட வேகமாகச் சூடாகும். பின் கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் உள்ளேயிருந்து திறக்கவே முடியாது. கவர் போட்ட வண்டி என்றால் வெளியிலிருந்து யார் கண்ணிலும் படாது.

அதனால் ஓடாத காரையும் பூட்டியே வையுங்கள். சாவி ஆணியில் உயரத்தில் தொங்கட்டும். டிக்கியையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். குழந்தையைக் கொஞ்ச நேரம் காணோம் என்றால் கிணறு, தொட்டி, கார் மூன்றையும் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு தெருவுக்கு ஓடுங்கள்.

முதல் வேலை: யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது

சாவியைப் போட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டாம். பானெட்டைத் திறந்து பாருங்கள், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு. ஏரியும் வயலும் காலி மனையும் கலந்த ஊர் நம்முடையது. எலி கட்டாயம் வந்திருக்கும். எலி வந்த இடத்துக்கு அதைத் தேடிக்கொண்டு பாம்பு வந்திருக்கலாம். சைலன்சர் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கும். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் உங்கள் வீட்டுப் பழந்துணியும் தேங்காய் நாரும் மெத்தையாக இருக்கும்! வயர் உறையை எலி கடித்திருந்தால், பேட்டரி இணைத்தவுடன் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்க வழி உண்டு. ஆகவே வயரை முழுக்கப் பார்க்காமல் கரண்ட் கொடுக்கவே கூடாது.

எலி இருந்த இடத்தைச் சுத்தம் செய்வதில் ஒரு முறை இருக்கிறது. விளக்குமாற்றால் உலர்ந்த புழுக்கையைப் பெருக்கினால் தூசியாகப் பறந்து மூக்குக்குள் போகும். எலியின் சிறுநீரிலிருந்துதான் எலிக் காய்ச்சல் பரவுகிறது. கையில் வெடிப்போ கீறலோ இருந்தால் அந்த வழியாகவே கிருமி உள்ளே போகும். கையுறை, மூக்குக்கு முகமூடி. கதவுகளை அரை மணி நேரம் திறந்து வையுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை அந்த இடத்தில் தெளித்து, பத்து நிமிஷம் ஊற விட்டு, பழந்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். சுத்தம் செய்தவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், டாக்டரிடம் "எலி இருந்த காரைச் சுத்தம் பண்ணினேன்" என்று சொல்ல மறக்க வேண்டாம். அந்த ஒரு வரி வைத்தியத்தைச் சீக்கிரமாக்கும்.

இழுப்பு உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் ஏ.ஸி.யையும் கவனிக்க வேண்டும். வருஷக்கணக்கில் ஈரமும் தூசியும் சேர்ந்து பூஞ்சை பிடித்திருக்கும். ஃபில்டர் மாற்றி, உள்ளே இருக்கும் குளிர்விக்கும் கம்பிவலையைச் சுத்தம் செய்த பிறகே குழந்தையை ஏற்றுங்கள்.

புளித்துப்போன பெட்ரோல்

இட்லி மாவை நாலு நாள் வெளியே வைத்தால் என்ன ஆகும்? பெட்ரோலும் அப்படித்தான். சில மாதங்களிலேயே எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிடும். மிச்சம் கெட்டியாகி, பிசின் மாதிரி குழாய்களில் ஒட்டிக்கொள்ளும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் தனியாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கி, தகரத்தை அரிக்கும். இருபது வருஷத்துக்கு முந்திய காரின் ரப்பர் குழாய்கள் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. வெடித்து ஒழுகுகிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோலை முழுக்க இறக்கி, ஃபில்டர் மாற்றி, டாங்கைக் கழுவிய பிறகே புதுசு ஊற்றுவது.

பெட்ரோல் இறக்கும்போது நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவது! தயவுசெய்து உங்கள் வீட்டு வாசலில் யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா. கையால் அழுத்தும் பம்பு கடையில் கிடைக்கிறது. இறக்கிய பெட்ரோலைக் குடிதண்ணீர் பாட்டிலில் பிடித்து வைக்கவும் கூடாது. குழந்தைக்குத் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தப்பித்தவறிக் குழந்தை குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போதுதான் அது நுரையீரலுக்குப் போகும். உடனே ஆஸ்பத்திரி. மண்ணெண்ணெய்க்கும் இதே விதிதான்.

ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை அல்லது சிவப்புக் கூலன்ட்டும் அப்படித்தான். லேசாக இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். தெரு நாய் நக்கினால் அதுவும் பிழைக்காது.

எஞ்சினை எழுப்புவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செய்யப்போவது மெக்கானிக். நீங்கள் பக்கத்தில் நின்று "இது ஆச்சா, தம்பி?" என்று கேட்டால் போதும்.

வருஷக்கணக்கில் இறங்கிக் கிடந்த பேட்டரி பிழைப்பது அபூர்வம். சார்ஜ் போட்டுப் பார்ப்பதென்றால் காற்றோட்டமான வெளி இடத்தில். அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பூஜை விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் அருகில் கூடாது. எஞ்சின் ஆயிலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மாற்ற வேண்டும், பிறகு அல்ல. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுவார்கள். நம் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்போமே, அதே போல ஸ்பானர் போட்டு எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றுவார்கள். தடையில்லாமல் சுற்றினால்தான் செல்ஃப்.

டைமிங் பெல்ட் ரப்பரா, செயினா என்று கேளுங்கள். ஐகான் 1.6-ல் செயின். ரப்பர் பெல்ட் உள்ள எஞ்சினில், கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வயசாகிப் பெல்ட் வெடித்திருக்கும். அது ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டு செலவு எங்கேயோ போய்விடும். மாற்றிவிடுவதே மேல்.

முதல் ஸ்டார்ட்டை ஷட்டருக்குள்ளே வைத்துக்கொள்ள வேண்டாம். வண்டியைத் தள்ளி வெளியே கொண்டு வரட்டும். புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து ஆளைச் சாய்த்துவிடும். ஒரு நெருப்பணைக்கும் சிலிண்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குழந்தைகள் அன்றைக்குப் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

ஓட்டம் முதலில் வரும், நிறுத்தம் கடைசியில்தான் வரும்

எஞ்சின் உறுமியதும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். அவர் கண்ணில் கண்ணீரே வரும்! "ஹைவேயில் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன்..."

இங்கேதான் நீங்கள் வாசலில் குறுக்கே நிற்க வேண்டும். எத்தனையோ வருஷம் கழித்தும் இந்த மாதிரி வண்டியின் வேகம் அப்படியே இருக்கும். பிரேக் அப்படி இருக்காது. சாதாரணக் காரைவிட வேகக் காரில் இது பெரிய ஆபத்து. நிறுத்த முடியாத வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவுக்கு மோசம்.

பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம். மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி. டாட் 4 என்ற வகையைப் பாருங்கள். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி சூட்டில்தான் கொதிக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. வேகமாகப் போய் அடிக்கடி பிரேக் போட்டால் அந்தச் சூடு சுலபமாக வரும். ஆயில் கொதித்து உள்ளே குமிழி உண்டானால் மிதி அப்படியே தரை வரை போகும், வண்டி நிற்காது. வாசலில் நிறுத்திச் சோதிக்கும்போது மிதி கல் மாதிரி நன்றாகவே இருந்திருக்கும்! அதனால் "மிதிச்சுப் பார்த்தேன் மேடம், சூப்பரா இருக்கு" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புதுசு ஏற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் வாஷர்கள், சக்கரத்துப் பக்கத்து ரப்பர் ஹோஸ்கள், துருப்பிடித்து இறுகிப்போன பிஸ்டன்கள், டிஸ்க்கில் பள்ளம் விழுந்த துரு எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹாண்ட் பிரேக் போட்டே நிறுத்தியிருந்தால் பின் சக்கரம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சுகாதார விஷயம். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். காற்றடித்துத் தூசியை ஊதக்கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அந்த வேலை செய்தவர் சட்டையைக் குழந்தை துணியோடு சேர்த்து ஊறப் போடாதீர்கள்.

அடுத்து டயர். பார்த்தால் புத்தம் புதுசாக இருக்கும். பட்டன் தேய்ந்திருக்காது. ஆனால் ஒரே இடத்தில் நின்று அடிப்பக்கம் தட்டையாகி, ரப்பர் உலர்ந்து பாளம் விட்டிருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரானது. பத்து வருஷம் தாண்டியிருந்தால் யோசனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள். வாங்கும்போது அளவு மட்டும் பார்த்தால் போதாது. ஹெச் என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும், வி என்றால் 240. காரின் கையேட்டில் எந்த எழுத்து போட்டிருக்கிறதோ அதற்குக் குறையாமல் கேட்டு வாங்க வேண்டும். "எவ்வளவு வேகமா போகப் போறீங்க மேடம், இதுவே போதும்" என்று கடைக்காரர் சொன்னாலும் சரி!

முதல் ஓட்டம் தெருவுக்குள்ளே, பத்து கிலோமீட்டர் வேகத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில். நிறுத்தி, இறங்கி, கீழே ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி. இரண்டு மூன்று நாள் இப்படி ஓடி, சக்கரம் எதுவும் அளவுக்கு மீறிச் சூடாகவில்லை என்று தெரிந்த பிறகே லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை.

காகிதம் இல்லாமல் கார் இல்லை

வண்டி ரெடி. ஆனால் ஆர்.சி. புக்? சொந்தக் காருக்குப் பதிவு முதல் 15 வருஷத்துக்குத்தான். அதன் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். நம் பக்கத்துக்கு ஸ்ரீபெரும்புதூர், டி.என்.87. 15 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2022-ல் 5,000 ரூபாயாக உயர்த்தியது. 20 வயது தாண்டியதற்கு 2025-ல் 10,000 ஆயிற்று. பசுமை வரி தனி. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு அடி கூடத் தெருவில் ஓட்டக் கூடாது. புகைச் சான்றிதழும் வேண்டும். ஆகவே மெக்கானிக்கிடம் போகும் முன்பே பீரோவைத் திறந்து காகிதங்களை எடுத்துப் பார்த்துவிடுங்கள். பேப்பர் சரியில்லாத வண்டிக்கு ஒரு லட்சம் செலவழித்துவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

வீட்டுக்காரர் பேரில் கார், அவர் காலமாகிவிட்டார் என்றால், 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. துக்கத்தில் யாருக்கு இதெல்லாம் நினைவிருக்கும்? பலருக்கு வருஷங்கள் ஓடியிருக்கும். தாமதமானாலும் மாற்ற முடியும், தாமதக் கட்டணம் வரலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். விற்பதானாலும் முதலில் உங்கள் பேருக்கு வர வேண்டும். "அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுங்க அக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று வருகிறவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டால், நாளைக்கு அவர் எங்காவது மோதினாலும் வழக்கு உங்கள் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும்.

ஐம்பது வயதைத் தாண்டிய, மாற்றம் செய்யாத கார் என்றால் கதையே வேறு. 2021-ல் வந்த விதிப்படி அதற்குத் தனிப் பதிவு உண்டு. நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. ஆனால் கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர் என்று போய் வரலாமே தவிர, தினப்படி காய்கறி வாங்க எடுத்துப் போக முடியாது.

எவ்வளவு செலவு?

ஒரே தொகையாகச் சொல்ல முடியாது. லான்சர் தயாரிப்பு நின்று எத்தனையோ வருஷம். ஃபோர்டும் 2022-ல் மறைமலைநகரில் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஸ்பேர் தேடி அலையும் செலவே தனி. நான் சொல்வது இது: மொத்தமாக "எல்லாம் சரி பண்ணுங்க" என்று விட்டுவிடாமல், வேலையை மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். முதல் பட்டியல் பிரேக், டயர், ஸ்டியரிங். இரண்டாவது பெட்ரோல் குழாய், வயர், எஞ்சின். பெயின்ட், ஸீட் கவர், பாட்டுப் பெட்டி எல்லாம் மூன்றாவது. பணம் எங்கே தீர்ந்தாலும் முதல் பட்டியல் முடிந்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நடப்பது தலைகீழ். பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டுப் பழைய டயரிலேயே மகாபலிபுரம் போவார்கள்! மாற்றிய சாமான்களைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

முதல் பட்டியலுக்கே கையைக் கடிக்கிறதென்றால் வண்டியை இருக்கிற நிலையில் விற்பதில் கேவலம் ஒன்றுமில்லை. இந்த மாடல்களுக்கு ஏங்கும் பையன்கள் இருக்கிறார்கள். அவருடைய ஞாபகார்த்தம் என்று மனசு கேட்கவில்லையா, ஓடாமலே வைத்துக்கொள்ளலாம். அப்போது பெட்ரோலை இறக்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, கதவுகளைப் பூட்டி வையுங்கள்.

எழுப்பிய வண்டி மறுபடி தூங்காமல் இருக்க, வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். வாசலிலேயே ஐந்து நிமிஷம் உறும விட்டு நிறுத்தினால் எஞ்சினுக்குள் ஈரம் சேருமே தவிர வேறு பிரயோஜனம் கிடையாது. நிறுத்தும்போது ஹாண்ட் பிரேக்குக்குப் பதில் சக்கரத்துக்குக் கட்டை. பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், வியர்த்துப் போகும், பருத்தித் துணிக் கவர் போதும். எலிக்குப் புகையிலைக் கட்டு வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வைத்தால் பானெட்டுக்குள்ளே வையுங்கள், குழந்தை கைக்கு எட்டும்படி சக்கரத்துப் பக்கத்தில் வேண்டாம்.